துடைப்பச் சுழிக் குதிரை

குதிரைக்கு எழுபத்திரண்டு சுழி என்பார் மருதாசலம். எந்தச் சுழி குடும்பத்தை வாழவைக்கும், எது குடியைக் கெடுக்கும் என்று விரல் விட்டுச் சொல்வார். மல்லசமுத்திரத்தில் குதிரை வாங்குகிறவன் அதன் பல்லைப் பார்க்கும் முன் மருதாசலத்தைத்தான் பார்ப்பான். அவர் வந்து ரோமத்தை விலக்கிப் பார்த்து, 'ம்' என்றால் விலை ஏறும், 'ம்ஹூம்' என்றால் இறங்கும். அந்த ஊரில் சாமிக்கு அடுத்தபடி குதிரை ரோமத்துக்குத்தான் மரியாதை.

அந்த மரியாதையில் பங்கு கொள்ளாத ஒரே ஆள் அவருடைய அண்ணன் பெண்டாட்டி அத்தாயி.

அத்தாயிக்குச் சுழி தெரியாது. எழுத்தும் தெரியாது. சந்தைப்பேட்டையில் குதிரை வண்டிகள் நிற்கிற புளியமரத்தடியில் உட்கார்ந்து கொள்ளு அளந்து விற்பாள். புருஷன் காளியப்பன் காய்ச்சலில் போய் எட்டு வருஷமாகிறது. அவன் விட்டுப்போனது ஒன்றரை ஏக்கர் தோட்டமும், கிணற்றில் பாதியும். கிணறு அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது. செவ்வாய், வியாழன், சனி காளியப்பன் முறை. திங்கள், புதன், வெள்ளி மருதாசலத்தின் முறை. ஞாயிற்றுக்கிழமை, மாடு கட்டிச் சாலில் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டாமல் கிணற்றை ஊற விடுவார்கள். காளியப்பனின் கருமாதி முடிந்த மறுநாளே அண்ணியிடம், "நங்கையா, உங்ககிட்ட மாடு இல்லை, ஓட்ட ஆளு இல்லை. தண்ணி வீணாப் போறதுக்கு நான் பாய்ச்சிக்கிறேனுங்க" என்றார் மருதாசலம். துக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய தலையை இன்றுவரை திருப்பி ஆட்ட முடியவில்லை. மூன்று தடவை ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். "பொம்பளை கவலை ஓட்டுவாளாக்கும்?" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் பாயாத தோட்டம் வெறும் காடாகிக் கிடந்தது. மழை வந்தால் கம்பு, வராவிட்டால் முள்.

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். அத்தாயி எண்ணுவாள்.

வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடியிலும் தையிலும், வற்றிய ஏரிப் பாதையில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஒரு நாளைக்கு ஏழு சுற்று, சுற்றுக்கு நாலு வண்டி. எந்த வண்டி எந்தச் சுற்றில் ஓடுவது என்று அன்று காலையில் சீட்டுப் போடுவார்கள். பந்தயக் குதிரை வைத்திருக்கிற லாயங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு. எல்லா லாயத்துக்காரரும் கொள்ளுக்கு அத்தாயியிடம்தான் வந்தாக வேண்டும். முதல் வருஷம் சும்மா பொழுதுபோகாமல்தான் ஆரம்பித்தாள். வீட்டின் பின்பக்கச் செம்மண் சுவரில் குதிரைக்கு ஒரு வரிசை. ஜெயித்தால் கரிப்பொட்டு, தோற்றால் சுண்ணாம்புப் பொட்டு. பால்காரி சுவரில் வைக்கிற கணக்கு மாதிரிதான்.

மாதையன் லாயத்தில் ஒரு வெள்ளைக் குதிரை வரிசையாக மூன்று பந்தயம் ஜெயித்தது. நெற்றியில் கோபுரச் சுழி, அதுதான் காரணம் என்றார் மருதாசலம். தீர்த்தகிரி என்கிற லாயத்துக்காரர் கொள்ளை விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆடியில் அது கடைசியாக வந்தது. அதற்கடுத்த தையிலும் கடைசி. அத்தாயி சுவரின் முன்னால் நின்று யோசித்தாள். அதே குதிரை, அதே நெற்றி, அதே சுழி. மாறினது லாயம் மட்டும்தானே? அன்றைக்கே குதிரை வரிசையை அழித்துவிட்டு, அதே பொட்டுகளை லாயத்துக்கு ஒரு வரிசையாக மாற்றிப் போட்டாள். மாதையனுக்கு மணிப் படம், தீர்த்தகிரிக்குச் சக்கரம், மருதாசலத்துக்கும் ஒரு லாயம் உண்டு, அதற்கு, வேறென்ன, ஒரு சுழி.

வருஷம் போகப் போகச் சுவர் பேச ஆரம்பித்தது. போன இரண்டு பந்தயத்திலும் ஓட்டத்துக்கு முன்பே மனசுக்குள் ஒரு வண்டியைச் சொல்லிப் பார்த்தாள். ஏழில் நாலு சரியாக வந்தது. அதே பந்தயங்களில் மருதாசலம் ஊரைக் கூட்டிச் சொன்னதில் பலித்தது ஒன்றோ இரண்டோ. பலிக்காததை ஊர் மறந்துவிடும், பலித்ததை அவரே ஞாபகப்படுத்துவார்.

மார்கழி நடுவில் ஒரு சந்தை நாள். யாரோ ஒருவனுடைய குதிரையின் பிடரியைத் தடவி, "தையில இது முந்தும் பாருங்க" என்று மருதாசலம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தாயி கொள்ளு அளக்கிற வள்ளத்தைக் கீழே வைத்தாள்.

"முந்தாதுங்க கொழுந்தனாரே."

கூட்டம் திரும்பியது. மருதாசலம் சிரித்தார். "கொள்ளு அளக்கற கைக்குக் குதிரை தெரியுமாக்கும்?"

"தெரியுதா இல்லையான்னு பாத்துக்கலாமுங்க. தைப் பந்தயத்துல ஏழு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் நீங்க ஒரு வண்டி சொல்லுங்க, நான் ஒரு வண்டி சொல்றேன். யாருது நெறைய பலிக்குதோ அவிய ஜெயிச்சாப்புல."

"எதுக்கு ஏழு? ஒரே சுத்துல முடிச்சுக்கலாமே."

"ஒரு சுத்துல குருடனும் ஜெயிப்பானுங்க. ஏழு சுத்து வேணும்."

"சரி, பணயம் என்னங்க?"

இந்தக் கேள்விக்காக அவள் எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். "நான் ஜெயிச்சா என்ற மூணு நாள் தண்ணி எனக்கு. தோத்தா ஒன்றரை ஏக்கரையும் உங்க பேருக்கு எழுதித் தாரேன். சமமா வந்தாலும் நான் தோத்ததாவே இருக்கட்டும்."

அந்த ஒன்றரை ஏக்கர் மருதாசலத்தின் தோட்டத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அது கிடைத்தால் அவர் நிலம் சதுரமாகிவிடும். அவர் கண் போன போக்கை அத்தாயி பார்த்தாள். பந்தயம் நடத்துகிற வேலுசாமி ஒரு கடிவாளத்தை எடுத்து வந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். கடிவாளம் பிடித்துச் சொன்ன சொல்லை மீறியவன் குதிரை ஏழு தலைமுறைக்கு ஏரிப் பாதையில் இறங்க முடியாது. மருதாசலத்திடம் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை மீறுகிற ஆள் இல்லை. அதனால்தான் அத்தாயி ஊர்க்கூட்டத்தை விட்டுவிட்டுக் குதிரைப் பக்கம் வந்தாள்.

இனிச் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தாள். விதி அவள் தங்கச்சி உருவத்தில் வந்தது.

மேச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்த மயிலம்மாள் பொங்கலுக்குக் கூடமாட இருக்கலாமென்று பத்து நாள் முன்பே வந்திருந்தாள். நல்ல மனசுக்காரி, கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவள். அக்காள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க வெள்ளையடித்துவிட்டாள். அதற்கு முன்னால் பின்பக்கச் சுவரில் இருந்த "அழுக்கை" எல்லாம் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் இருந்தாள்.

"எட்டு வருசமா சுவத்துல கரியை அப்பி வெச்சிருக்கறயே அக்கா? காப்புக் கட்டறப்ப ஊடு இப்பிடியா இருக்கறது?" என்றாள், பெருமை பொங்க.

அத்தாயி சுவரைப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் மயிலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறவளைத் தேற்றுவதா, தன்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அத்தாயியும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"பொட்டுத்தான போச்சு. ஓடுனவனெல்லாம் உசுரோடதான இருக்கறான். போய்க் கேக்கறேன்."

மறுநாளே கொள்ளு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சந்தைக்கு அவர்கள் வரட்டும் என்று உட்காரவில்லை. ஆறு நாளில் எல்லா லாயத்துக்கும் நடந்தாள். குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

முதல் லாயத்திலேயே ஒன்று புரிந்தது. எவனும் தன் தோல்வியைச் சொல்லமாட்டான். கேட்டால், "மழை பேஞ்சுது," "சக்கரம் கழண்டுக்கிச்சு" என்பான். ஆனால் பக்கத்து லாயத்துக்காரன் தோற்றதை மட்டும் நாள், நட்சத்திரம், திதியோடு சொல்வான். அதனால் ஒவ்வொருவனிடமும் மற்றவர்களைப் பற்றியே கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் மயிலம்மாள் வெள்ளைச் சுவரில் கரிப்பொட்டு வைப்பாள். வெள்ளைமேல் சுண்ணாம்பு தெரியாது என்பதால் தோல்விக்குக் காவிப்பொட்டு.

நாலாம் நாள் மாதையன் லாயத்தில் உட்கார்ந்து தீர்த்தகிரியைப் பற்றிப் பேச்சைக் கிளறினாள். இந்த இரண்டு வரிசையும் பழைய சுவரிலேயே அவளுக்குப் புரியாத புதிர். மாதையன் லாயம் முதல் நாலு வருஷம் ஒரே கரி, அப்புறம் ஒரே வெள்ளை. தீர்த்தகிரி லாயம் அதற்கு நேர்மாறு. மாதையன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"அவனுக்கேது கைராசி? எங்கிட்ட இருந்த சின்னானை ரெண்டு வள்ளம் கம்பு கூடக் குடுத்துக் கூட்டிட்டுப் போனான். அதுக்கப்புறந்தான் அவன் வண்டி முந்த ஆரம்பிச்சுது."

"சின்னான்னா ஆருங்க?"

"குதிரை பழக்கறவன். வாயே தொறக்கமாட்டான். உங்க கண்ணுல பட்டிருக்கமாட்டான். கொள்ளு வாங்க நாந்தான வருவேன்."

எட்டு வருஷமும் அத்தாயி எண்ணியது குதிரையையும் லாயத்தையும். எண்ணியிருக்க வேண்டியது பழக்குகிற ஆளை.

மறுநாள் தீர்த்தகிரி லாயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சின்னான் அங்கே இல்லை. "ஆடிப் பந்தயம் முடிஞ்சதும் போயிட்டானுங்க" என்றாள் தீர்த்தகிரியின் பெண்டாட்டி பொன்னாயி. "இவரு குதிரையைச் சாட்டையில ரெண்டு போடு போட்டாரு. அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டான். மாதையன் லாயத்தையும் இப்பிடித்தான் உட்டுட்டு வந்தானாம். இப்ப உங்க கொழுந்தனாரு தோட்டத்துல சாணி அள்ளறானாமே, தெரியாதுங்களா?"

அத்தாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பொன்னாயிக்கு எதற்கென்று புரியவில்லை.

மருதாசலம் வீட்டில் ஒரு செம்பழுப்புக் குதிரை நின்றது ஊருக்கே தெரியும். மாமனார் சீராகக் கொடுத்தது. வந்த அன்றே அதன் வாலடியில் துடைப்பச் சுழியைக் கண்டுபிடித்துவிட்டார் மருதாசலம். துடைப்பச் சுழி இருந்தால் எசமான் சொத்தைப் பெருக்கித் தள்ளிவிடுமாம். விற்கலாமென்றால், அப்பன் கொடுத்ததை விற்றால் சோறு கிடையாது என்று பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அந்தக் குதிரையைத் தொட வேறு ஆள் வராததால் சாணி அள்ள வந்த சின்னான் கையில் ஒப்படைத்துவிட்டார். தன்னைப் போன்ற ஊர்ப் பெரியவர் லாயத்திலிருந்து ஒரு வண்டியாவது ஓடாவிட்டால் கௌரவம் என்னாவது என்று, தைப் பந்தயத்துக்கு அதன் பேரையே கொடுத்தும் வைத்திருந்தார்.

விடியற்காலையில் அத்தாயி ஏரிக்குப் போனாள். ஒல்லியான ஒருவன் குதிரையை ஆழ மணலில் நடக்கவிட்டுக் கூடவே நடந்துகொண்டிருந்தான். கையில் சாட்டை இல்லை.

"குதிரை எப்பிடி, சின்னா?"

"நல்ல புள்ளைங்க சாமி. சுழிக்குப் பயந்துக்கிட்டு வால் பக்கம் ஒருத்தரும் கையே வெச்சதில்லை போல. அதனால பின்னால சத்தம் கேட்டா மெரளும். அஞ்சு மாசமாத் தேச்சு உட்டுப் பழக்கிட்டனுங்க. இப்ப வண்டிச் சத்தத்துக்கு அசையறதில்லை."

"முந்துமா?"

"அதை எப்பிடிச் சொல்றதுங்க?" என்று தரையைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "பந்தய நோம்பி வரைக்கும் கொள்ளு பாதி போதுமுங்க. வயிறு லேசா இருக்கட்டும்" என்றான்.

தை மூன்றாம் நாள், பூ நோம்பிப் பண்டிகை. ஏரிக்கரை முழுக்கத் தலை. காலையில் வேலுசாமி சீட்டை எடுத்து, எந்தச் சுற்றில் யார் யார் என்று உரக்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் நடுவில் வந்து நின்று இருவரையும் கேட்டார். முதலில் சொல்கிற உரிமையை மருதாசலம் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் சுற்று மருதாசலத்துக்குப் போயிற்று. கூட்டம் கூவியது. இரண்டாம் சுற்று அத்தாயிக்கு. மூன்றாவதில் இருவர் சொன்னதும் பலிக்கவில்லை, எவனோ ஒருவனுடைய கிழட்டுக் குதிரை முந்தியது. நாலாவது அத்தாயிக்கு வந்ததும் மருதாசலம் அங்கவஸ்திரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஐந்தாவதில் அத்தாயி சொன்ன வண்டி கடைசி வரை முன்னால் வந்து, ஒரு மூக்கு அளவில் அவர் சொன்ன வண்டியிடம் தோற்றது. ஆறாவதிலும் இருவருக்கும் இல்லை.

இரண்டுக்கு இரண்டு. நாலு வருமென்று எண்ணியிருந்தாள், இரண்டுதான் வந்திருக்கிறது. ஒன்றரை ஏக்கரும் கண் முன்னால் வந்து நின்றது. காளியப்பன் உழுத மண். புத்தி கெட்டுப்போய்ப் பந்தயம் கட்டிவிட்டோமோ என்று நினைத்தாள். மயிலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது சுற்றில் மாதையன் வண்டி, தீர்த்தகிரியின் வெள்ளைக் குதிரை வண்டி, வெளியூர் வண்டி ஒன்று, மருதாசலத்தின் செம்பழுப்பு.

மருதாசலம் தீர்த்தகிரியின் குதிரையைச் சுற்றி வந்தார். நெற்றியைத் தடவினார். "கோபுரச் சுழி. இதான்" என்றார்.

பழைய சுவர் இருந்திருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கும். தீர்த்தகிரி வரிசையில் அத்தனை கரி. மருதாசலம் வரிசையில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கரிப்பொட்டுக்கூடக் கிடையாது. மயிலம்மாள் வெள்ளையடிக்காமல் இருந்திருந்தால் தானும் அதையே சொல்லி, சமமாகி, நிலத்தை எழுதிக் கொடுத்திருப்போம் என்று அத்தாயி நினைத்தாள். நாலு வருஷம் மாதையனிடம், மூன்று வருஷம் தீர்த்தகிரியிடம், குதிரை மாறினாலும் எசமான் மாறினாலும் கரிப்பொட்டு ஒருவன் பின்னாலேயே போயிருக்கிறது. அவன் இப்போது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"உங்க குதிரைதானுங்க, கொழுந்தனாரே."

ஏரிக்கரையே குலுங்கிச் சிரித்தது. மருதாசலத்துக்குச் சிரிப்போடு இரக்கமும் வந்துவிட்டது. "நங்கையா, அதுக்குத் துடைப்பச் சுழிங்க. வேண்டாம், மாத்திச் சொல்லுங்க" என்றார். உண்மையாகவே நல்ல மனசோடுதான் சொன்னார்.

"சொன்னது சொன்னதுதானுங்க."

வேலுசாமி துண்டை வீசினார். நாலு வண்டியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. முதல் பாதி வரை வெள்ளைதான் முன்னால். தீர்த்தகிரியின் ஆள் சாட்டையைச் சுழற்றிச் சுழற்றி அடித்தான். செம்பழுப்பு மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. ஆழமான மணல் ஆரம்பிக்கிற திருப்பத்தில் மற்ற குதிரைகளுக்கு வேகம் செத்தது. தினமும் அந்த மணலிலேயே நடந்த செம்பழுப்புக்கு அது வீட்டு வாசல். மாதையன் வண்டியைத் தாண்டியது, வெள்ளையின் சக்கரத்தோடு சக்கரம் சேர்ந்தது. சின்னான் குனிந்து குதிரையிடம் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான்.

அப்போதுதான் அது நடந்தது. மருதாசலத்துக்குத் தன் குதிரை ஓடுவது கண்ணில் பட்டது. வாழ்நாளில் அவர் லாயத்துக் குதிரை ஒன்று முந்தி அவர் பார்த்ததே இல்லை. அங்கவஸ்திரம் கீழே விழுந்தது. "உடு! உடு சின்னா! நம்ம குதிரைடா! உடாதே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கரையோடு ஓடினார். பந்தயம், பணயம், ஒன்றரை ஏக்கர், ஒன்றும் ஞாபகம் இல்லை. செம்பழுப்பு ஒரு வண்டி நீளம் முந்திக் கோட்டைத் தாண்டியதும் வேலுசாமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

தூக்கிய பிறகுதான் முகம் மாறியது. மெதுவாக வேலுசாமியைக் கீழே இறக்கினார். திரும்பிப் பார்த்தார். அத்தாயி நின்ற இடத்திலேயே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கடிவாளம் பிடித்துச் சொன்ன சொல். மருதாசலம் கூட்டத்துக்கு நடுவில் வந்து, "செவ்வாய், வியாழன், சனி நங்கையாளுக்கு" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, விரலை ஆட்டிச் சொன்னார். "ஆனா ஒண்ணு. துடைப்பச் சுழி எசமான் சொத்தைப் பெருக்கித் தள்ளும்னு நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா? தள்ளிருச்சு பாத்தீங்களா! சாஸ்திரம் பொய்க்குமாக்கும்?"

கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இன்றைக்கும் மல்லசமுத்திரத்தில் அதற்குச் சாட்சியாக இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அத்தாயி வாதாடவில்லை. பெருமை அவர் வைத்துக்கொள்ளட்டும், தண்ணீர் தனக்கு வந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிகிற நேரம். வாடகைக்கு ஒரு ஜோடி மாடு பிடித்து வந்திருந்தாள். மயிலம்மாள் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றாள். பொம்பளை கவலை ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்கலாமென்று நாலு பேர் கிணற்றுமேட்டுக்கு வந்திருந்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்த சின்னானும் ஓரமாக நின்றான்.

"சின்னா, கவலை மாட்டை எப்பிடிப் பின்னால நடத்தறது?"

"அடிக்காதீங்க சாமி. பேரைச் சொல்லிப் பேசிக்கிட்டே நடங்க, அது வரும்."

அத்தாயி தார்க்குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, மாட்டின் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டே நடந்தாள். கயிற்றோடு மேலே வந்த முதல் சால் பாதித் தண்ணீரைக் கிணற்றிலேயே சிந்தியது. மேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவதும் சிந்தியது. அவள் நிறுத்தவில்லை. பத்தாவது சாலில் சிரிப்பு அடங்கியது. இருபதாவது சாலில் தண்ணீர் எட்டு வருஷத்து முள்வேரை நனைத்துக்கொண்டு தோட்டத்தின் முதல் பாத்திக்குள் இறங்கியது. "அக்கா, வந்திருச்சு!" என்று மயிலம்மாள் கத்தினாள்.

அத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் இன்னும் எத்தனை சால் இறைக்க முடியும் என்று எண்ண ஆரம்பித்திருந்தாள்.